கூட்டத்திலிருந்து வந்த வசனம்

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் பாவாடை சட்டையோடு திரிந்துவிட்டு, இப்போது முப்பதைத் தாண்டி, ஆளுக்கொரு ஊரில் அலுவலகமும் அடுப்புமாக இருக்கும் தோழிகளுக்கு இதை எழுதுகிறேன். என் கதைகளைப் படித்த உங்களில் சிலர், தனித்தனியாக, ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். உன் கதைகளில் எல்லாம் ஏன் ஓர் ஆள் யார் வீட்டுக்கோ வந்து, உள்ளே போகாமல் தெருமுனையிலேயே நிற்கிறான்? 'ஏதோ தோன்றியது, எழுதினேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அதை அவர் எந்த இடத்தில் சொன்னார் என்று தெரிந்தால், நான் ஏன் இனிமேல் அதைச் சொல்லக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் கட்டட வரைபடப் பிரிவில் வேலை செய்பவள். எதையும் முதலில் பட்டியலாகத்தான் பார்ப்பேன். எனக்கு எட்டு வயதான அந்த ஆண்டு, கோயில் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவை இவை. சிகரெட் பெட்டித் தாள் ஒட்டிய இரண்டு கிரீடங்கள். பனைநாரில் செய்த ஒரு வெள்ளைத் தாடி. ஒட்டிய பசைக்கு ஆசைப்பட்டு அதில் எறும்பு ஏறும். இரண்டு கட்டை எழும்பாத ஆர்மோனியம். அப்பாவின் கைத்தாளம். நடுவில் துளை போட்ட ஒரு கருங்கல். அந்தக் கல்லை அம்மா ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தாள். முத்துக் குளிக்கிறவர்கள் காலால் மிதித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குகிற கல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. இவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. வீடும் இல்லை.

கிரீடமும் தாடியும் எதற்கு என்றால், அப்பா அண்ணாவி. புனிதர்களின் சரித்திரத்தைப் பாட்டும் வசனமுமாக மேடையில் நடிப்பதை நம் பக்கத்தில் வாசாப்பு என்போம். அதை எழுதி, ஆட்களைப் பழக்கி, மேடையோரத்தில் ஏட்டோடு நின்று ஒவ்வொரு அடியாக எடுத்துக்கொடுப்பவர் அண்ணாவி. பிழைப்புக்கு அவர் புதுத் துறைமுக வேலையில் டைம்கீப்பர். பாறை ஏற்றிவரும் லாரிகளின் புழுதியோடு சாயங்காலம் வருவார். குளித்துவிட்டு அண்ணாவி ஆகிவிடுவார். புழுதி இருக்கும்வரை அவரிடம் எதையும் கேட்கலாம். குளித்த பிறகு கேட்டால் பதில் ராகத்தில் வரும்.

அவர் கடலுக்குப் போகிறவராக இருந்தவர். கடலை ஏன் விட்டார் என்பதை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா ஒருநாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்தபோது அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். பேச்சுவாக்கில் அவள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்தது.

முத்துக்குளிப்புப் பருவத்தைச் சலாபம் என்பார்கள். சலாபத்தில் ஒருவன் கல்லோடு இறங்கினால், தோணியில் நின்று அவன் கயிற்றைப் பிடிக்க ஒருவன் வேண்டும். கீழே இருப்பவன் மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டி இழுப்பான். அந்தச் சுண்டலை உணர்ந்த கணமே மேலே இருப்பவன் அவனைத் தூக்க வேண்டும். அதனால் யாரையும் நம்பிக் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண் அயரமாட்டான் என்பது கணக்கு. நான் பிறப்பதற்கு முன் கடைசியாக நடந்த சலாபத்தில், அப்பாவின் தங்கையான என் அத்தையின் புருஷனுக்கு அப்பாதான் கயிறு பிடித்தார். மாமாவைத் தூக்கியபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். கரை வருவதற்குள் முடிந்துவிட்டது.

"உங்கப்பா மேல ஒரு தப்பும் கிடையாது," என்றாள் அம்மா. "நெஞ்சுக்கோளாறுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா அன்னைக்கித் தோணியில இருந்து இறங்கின மனுசன், இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்காரு."

கல்லை ஜாடிமேல் திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அப்பா மீன் வாங்குவார். பாதியைத் தூக்குச்சட்டியில் போட்டு என் கையில் கொடுப்பார். இருவரும் அத்தை தெருவுக்கு நடப்போம். தெருமுனையில் தண்ணீர்ப் பைப்பு இருந்தது. அங்கே வந்ததும் அப்பா நின்றுவிடுவார். நான் மட்டும் போவேன்.

அத்தை இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலை பார்த்தாள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். தனியாக இருந்தாள். அப்போது அவளுக்கு வயது, இன்று எனக்கு ஆகும் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்திருக்கும். நாம் அவளைக் கிழவி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

தூக்குச்சட்டியை வாங்கும்போது எப்போதும் ஒரே கேள்விதான்.

"ஏளா, அப்பன் எங்கன நிக்கான்?"

"பைப்படியில, அத்தை."

"நிக்கட்டும்."

சட்டியைக் கழுவி, வெறுமனே திருப்பக் கூடாது என்று அதில் எதையாவது போட்டுத் தருவாள். கருப்பட்டித் துண்டு, அவித்த பனங்கிழங்கு, ஏதும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி. அப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள், தன் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஆகாது, அதனால் தள்ளி நிற்பதே தான் அவளுக்குச் செய்யும் மரியாதை என்று அவர் நம்பினார். அம்மாவிடம் இதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தங்கையிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு அவர் பழைய வாசாப்பில் ஒரு புதுக் காட்சி சேர்த்தார். எங்கள் கோயில் புனிதரின் சரித்திரத்தில் அப்படி ஒரு சம்பவமே கிடையாது. ஒரு தோணிக்காரன். அவன் பிடித்த கயிற்றில் அவனுடைய தங்கை புருஷன் இறந்துபோகிறான். தோணிக்காரன் புனிதரின் காலில் விழுந்து அழுகிறான். புனிதர் அவனை மன்னிக்கிறார். ஒத்திகை எங்கள் வீட்டுப் பின்புறம், வலை காயப்போடும் வெளியில் நடந்தது. தோணிக்காரன் வேஷம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தடித்த மாமாவுக்கு. புனிதர், தையல்கார அண்ணாச்சி. செத்தவனின் மனைவியாக, உப்பு லாரியில் லோடு ஏற்றும் ஓர் இளவட்டம். பெண்கள் மேடை ஏறுவது அப்போது கிடையாது.

"அண்ணாவியாரே, மீசையை மட்டும் எடுக்கச் சொல்லாதீரும்," என்றான் அவன். "அடுத்த வாரம் ஆறுமுகநேரிக்குப் பொண்ணு பாக்கப் போறோம்."

"ஏலே, புருசன் செத்த பொம்பளைக்கு மீசை எதுக்குலே?"

"முக்காட்டை இழுத்து விட்டுக்கிடுதேன். வசனம் ஒண்ணுமில்லையே, வெறும் அழுகைதான? உள்ளுக்குள்ளயே அழுதுருதேன்."

"பொண்ணு வீட்டுக்காரன் நாடகத்துக்கு வந்தாம்னா தெரியும் சங்கதி," என்றார் தையல்கார அண்ணாச்சி. "மாப்பிள்ளை தாலி அறுத்தவன்னு ஓடிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மீசை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு அத்தை, மீனை ஆய்ந்துகொண்டே, "என்ன எழுதுதான் உங்கப்பன் இந்த வருசம்?" என்றாள்.

"ஒரு தோணிக்காரன் வாரான் அத்தை. கயிறு பிடிக்கான்."

அவள் கை நின்றது. "பெறவு?"

"கீழ உள்ளவரு செத்துப்போறாரு. தோணிக்காரன், அலைன்னு நினைச்சேன், அலைன்னு நினைச்சேன்னு அழுவான்."

"அலைன்னா?"

"கயிறு இழுத்துச்சாம். அலைதான் இழுக்குன்னு கொஞ்சம் சும்மா இருந்துட்டானாம்."

எட்டு வயதில் நான் அதை வெறும் வசனமாகத்தான் ஒப்பித்தேன். அத்தை நெடுநேரம் செதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தி அவளுக்குப் புதிது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்பா அதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டு மனிதர்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஏட்டில் எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

"செத்தவனுக்குப் பொண்டாட்டி உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு. அழுவா. பெறவு புனிதர் காலுல முத்தம் குடுப்பா."

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல."

"வாயே கிடையாதாளா அவளுக்கு?"

பைப்படிக்கு வந்ததும் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவ பேச ஆரம்பிச்சா காட்சி நீண்டுரும்," என்றார். குளித்துவிட்டு வந்தவரின் குரலில் சொன்னார்.

திருவிழாவில் அந்தக் காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்தார். செபம் முடிந்து, குழந்தைகள் தூங்கிவிழுவதற்கு முன், எல்லோரும் கேட்கவேண்டும் என்பதற்காக. கோயில் முன் மணலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெடிமருந்து வாடை. குழல் ஒலிபெருக்கி சற்றைக்கொருமுறை கீச்சென்றது. என் மடியில் பொட்டலத்தோடு மக்ரூன். முந்திரி மணத்தோடு நாக்கில் பட்டதும் கரைந்துகொண்டிருந்தது. அத்தை எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் நாடகம் பார்க்க வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

ஐஸ் கம்பெனி மாமா அழுதார். ஒத்திகையில் அவர் அப்படி அழுததில்லை. 'அலையென்று நினைத்தேன் ஆண்டவரே' என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டபோது, ஆண்கள் பக்கத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் கயிறு பிடித்த கைகள் நிறைய இருந்தன. தையல்கார அண்ணாச்சி பனைநார்த் தாடியோடு வலக்கையைத் தூக்கினார். "மகனே, உன் பாவம் மன்னிக்கப்பட்டது." முக்காட்டுக்குள் லாரிக்காரன் குலுங்கினான்.

அப்போது அத்தை எழுந்து நின்றாள்.

"அவரு யாரு மன்னிக்கதுக்கு?"

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"புருசன் செத்தது எனக்கு. என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. அலைன்னு நினைச்சானாம்! அதை என்கிட்ட வந்து சொல்லதுக்கு என்ன? என் வீட்டு வாசப்படி அவனுக்குத் தெரியும்லா? பைப்படியில நின்னா ஆச்சா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. உடனே கைதட்டல். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. அண்ணாவி இந்த வருஷம் பெண்கள் கூட்டத்தில் ஆளை உட்காரவைத்து வசனம் பேசவைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் தையல்கார அண்ணாச்சி அப்படியே நின்றார். அப்பா ஏட்டைப் பார்த்தார். ஏட்டில் இல்லாத கேள்விக்கு ஏட்டில் பதில் எப்படி இருக்கும்? தாளத்தைத் தட்டினார். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேறினாள். பெண்கள் சிரித்த முகத்தோடு வழி விட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "ஏளா, நல்லாப் பேசுனே! எத்தனை நாள் ஒத்திகை பாத்தே?" என்றாள்.

மறுநாள் காலை அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போனேன். ஈர மணலில் பாறை மீன் குவிந்து கிடந்தது. ஏலம் கூறிக்கொண்டிருந்தவரே ஏலத்தை நிறுத்திவிட்டார்.

"அண்ணாவியாரே! எடுத்தீரே ஒரு எடுப்பு! என் பொண்டாட்டி வீட்டுக்கு வந்தும் அழுகையை நிறுத்தல. எங்கன இருந்துய்யா உமக்கு இந்த யோசனையெல்லாம் வருது?"

சுற்றி நின்றவர்களில் சிலருக்கு உண்மை தெரியும். கயிறு யார் கையில் இருந்தது, அந்தப் பெண் யார் என்று தெரியும். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நாடகமாகவே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அப்பா மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"ஏதோ தோணிச்சு," என்றார்.

அன்று சாயங்காலம் ஏட்டை விரித்து, அத்தை சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் எழுதிச் சேர்த்தார். பேசுபவர் பெயர் எழுதும் இடத்தில் 'கூட்டத்தில் ஒருத்தி' என்று போட்டார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். நல்ல கையெழுத்து.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் மூன்று கட்டம் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்றிலும் கையெழுத்து இல்லாமல் ஒரு சுவர்கூட எழும்பாது. கதைக்கு அந்தக் கட்டங்கள் இல்லை. அப்பா மூன்றிலும் தானே கையெழுத்துப் போட்டார். குற்றத்தை அவரே எழுதினார், மன்னிப்பையும் அவரே எழுதினார். மன்னிக்க வேண்டியவள் எழுந்து நின்று மறுத்தபோது, அந்த மறுப்பையும் தன் எழுத்தாக்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. பைப்படியில் நின்ற மனிதரை நான் எத்தனை கதைகளில் நிறுத்திக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! ஒருமுறையும் அத்தையிடம் கேட்டதில்லை. அதனால் இதை அனுப்புவதற்கு முன் ஊருக்குப் போய் அவளிடம் படித்துக்காட்டினேன். அப்பா இப்போது இல்லை, அவள் இருக்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். கடைசிப் பகுதியில் நான் சாளைமீன் குழம்பு என்று எழுதியிருந்தேன். "சாளை இல்லளா, ஊளி. அவனுக்கு ஊளின்னா உசிரு," என்றாள். மாற்றிவிட்டேன்.

அந்தக் கடைசிப் பகுதி இதுதான்.

திருவிழா முடிந்த சில நாட்களில், தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். தங்கள் திருவிழாவுக்கு அந்த வாசாப்பு வேண்டும் என்றார்கள். "அந்தக் கூட்டத்து வசனம் கட்டாயம் இருக்கணும் அண்ணாவி. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். முதலில் லாரிக்காரனைக் கூட்டத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னார். முக்காட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததும் ஐஸ் கம்பெனி மாமா அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு அம்மாவைக் கேட்டார்.

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் அம்மா. "அது வசனம் இல்ல. உங்களுக்கே தெரியும். வேணும்னா அவகிட்டயே போய்க் கேளுங்க. வாசப்படி தெரியும்லா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீன் வாங்கினோம். தூக்குச்சட்டியை அப்பாவே வைத்துக்கொண்டார். பைப்படி வந்தது. நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். அவர் சட்டியைத் தரவில்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார், வேட்டி நுனியால் துடைத்தார், நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"வா," என்றாள். "குனிஞ்சு வா. நிலை தட்டும்."

பாயை விரித்தாள். எனாமல் தட்டைக் கழுவி வைத்தாள். சோறு போட்டு, ஊளிக் குழம்பை ஊற்றினாள். எனக்கும் ஒரு சின்னத் தட்டு. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"தெக்க ஒரு ஊர்ல நாடகம் கேக்காவ," என்றார்.

"கேக்கட்டும்."

"அன்னைக்கி நீ சொன்னியே... அது இல்லாம காட்சி நிக்க மாட்டேங்கு. நீ ஒருநாள் வந்து..."

"இதுக்கா வந்தே?"

அப்பா குழம்பில் மிதந்த மாங்காய்த் துண்டை ஓரமாகத் தள்ளினார். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அலைன்னு நினைச்சேன்னு எழுதியிருந்தியே அண்ணன். நெசமா?"

"நெசம்."

"இத்தனை வருசம் சொல்லலையே."

"நீ கேக்கலையே."

"நீ வந்தாத்தான கேக்கதுக்கு?"

வெளியே யாரோ குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அத்தை தன் வெளுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன்னு சொல்லு அவங்ககிட்ட. எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டி ஏறி வந்துருவேன். ஆனா அங்கன நின்னு நான் என்னத்தைச் சொல்ல? வாசப்படி தெரியும்லா, பைப்படியில நின்னா ஆச்சான்னு சொன்னேன். நீதான் வந்துட்டியே. இனி சொன்னா அது பொய்யாயிரும்லா?"

அத்தை எழுந்து வந்து, கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அங்கேயே உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. தட்டு காலியானதும் அதை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.